வலி முதுகுக்குப் போகிறதா என்று யாரும் கேட்கவில்லை

அன்று இரவு அண்ணன் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மல்லாந்து படுத்தால் வலி கூடியது, குனிந்தால் கொஞ்சம் தணிந்தது. மூன்று மணி நேரம் அப்படியே இருந்தார். அண்ணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "வயித்துல தண்ணி ஏறிடுச்சு பாப்பா, காலையில போய் எடுத்துட்டு வந்துடலாம்" என்று அண்ணனே எனக்குச் சமாதானம் சொன்னார்.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 2019-ல் அவருக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய் என்று சொல்லிவிட்டார்கள். கும்பகோணத்தில் டூவீலர் பட்டறை வைத்திருந்தவர், இருபது வருஷத்துக்கு மேல் குடித்தவர். 2022-ல் வயிற்றில் நீர் கட்ட ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி குத்தி ஐந்தாறு லிட்டர் எடுப்பார்கள், அல்புமின் என்ற ரத்தப் புரதம் ஏற்றுவார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவோம். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கம்தான் 2023 பிப்ரவரியில் எங்களை ஏமாற்றியது.

கல்லீரல் கெட்டுப்போனவருக்கு எது வந்தாலும் கல்லீரல் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். பசி இல்லையா, கல்லீரல். வாந்தியா, கல்லீரல். இளைத்துப்போகிறாரா, வயிறு வலிக்கிறதா, எல்லாம் அதுதான். வீட்டில் இருக்கிறவர்கள் மட்டும் அல்ல, மருத்துவமனையிலும் அவசரத்தில் இது நடக்கிறது. கல்லீரலுக்குப் பக்கத்திலேயே, இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் கணையத்தைப் பற்றி அந்த இரவு வரை எங்கள் வீட்டில் ஒருவரும் பேசியதில்லை.

காலையில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப்போனோம். வலி தாங்காமல் துடித்ததால் உடனே இடுப்பில் ஊசி போட்டார்கள். அரை நாள் நிம்மதியாகத் தூங்கினார். அது டைக்ளோஃபெனாக் என்று சீட்டைப் பார்த்துப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சிரோசிஸ் என்று நாங்கள் அழுத்திச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. முற்றிய கல்லீரல் நோயில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் ஏற்கெனவே தொங்கலில்தான் இருக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மருந்துகள் அதை இன்னும் சுருக்கிவிடும். ரத்தக் கசிவு ஆபத்தும் உண்டு. இரண்டு நாள் கழித்துத் தஞ்சாவூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது, ஒன்றுக்குக் கீழே இருந்த அவருடைய கிரியாட்டினின், சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் எண், 2.1 ஆகியிருந்தது. அந்த ஒரு ஊசிக்காக நாங்கள் கொடுத்த விலை அது.

அங்கே இருந்த குடல்நோய் டாக்டர் வயிற்றைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார். "வலி எங்க ஆரம்பிச்சு எங்க போகுது?" அண்ணன் மேல்வயிற்றைக் காட்டிவிட்டுக் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகுத்தண்டைத் தொட்டார். "குனிஞ்சா குறையுதா?" என்றார். குறைகிறது. அப்புறம்தான் லைபேஸ் எழுதினார்.

லைபேஸும் அமைலேஸும் கணையத்தில் சுரக்கும் நொதிகள். கணையம் வீங்கிப் புண்ணானால் அவை ரத்தத்தில் கசியும். ஆனால் சிரோசிஸ் உள்ளவர்களுக்குக் கணையத்தில் கோளாறு இல்லாமலே இந்த எண்கள் லேசாக ஏறியிருக்கலாம், சிறுநீரகம் தளர்ந்தாலும் ஏறும். அதனால் இயல்பான உச்ச அளவைப்போல் மூன்று மடங்காவது இருந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். இந்த வகை வலி, மூன்று மடங்கு லைபேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் கணைய அழற்சி என்று முடிவு செய்வார்கள். அண்ணனுக்கு லைபேஸ் 1,400-ஐத் தாண்டியிருந்தது.

அல்ட்ராசவுண்டில் கணையம் சரியாகத் தெரியவில்லை. வயிறு முழுக்க நீர், அதற்கு மேல் குடல் காற்று. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: கணையம் தெளிவாகக் காணப்படவில்லை. அந்த வரியை நாங்கள் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் எடுத்துப் பார்த்தோம், நான்கில் மூன்றில் அதே வரி. ஒவ்வொரு முறையும் படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறோம். "தெரியவில்லை" என்பதை "நன்றாக இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டோம். சிறுநீரகம் இருந்த நிலையில் சாயம் ஏற்றாமல்தான் முதலில் சி.டி. எடுத்தார்கள். கணையம் வீங்கியிருந்தது, கூடவே உள்ளே சுண்ணாம்புத் துகள்போல வெள்ளைப் புள்ளிகள். ஒரே இரவில் வந்த நோய் இல்லை, பல வருஷமாக உள்ளுக்குள் நடந்துகொண்டிருந்ததன் மேல் இப்போது புதிதாக ஒரு தாக்குதல் என்று டாக்டர் சொன்னார்.

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். சிரோசிஸ்காரர்களுக்குப் பித்தக்கல் மற்றவர்களைவிட அதிகம் வரும், அந்தக் கல் கீழே இறங்கி அடைத்தாலும் கணையம் வீங்கும். இவருக்குக் கல் இல்லை. குடிதான். குடிக்கிற எல்லாருக்கும் இரண்டு உறுப்பும் சேர்ந்து கெடுவதில்லை, பெரும்பாலும் ஒன்றுதான் முந்திக்கொள்ளும். இவருக்கு இரண்டும். அவர் குடியை நிறுத்தி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஆனால் சிகரெட்டை நிறுத்தவில்லை. நாங்களும் "குடியை விட்டதே பெரிசு, இதையாவது பிடித்துக்கொள்ளட்டும்" என்று இருந்தோம். புகையும் தனியாகவே கணையத்தைக் கெடுக்கும், குடியோடு சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கெடுக்கும் என்று அந்த வார்டில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். இதை யாராவது 2019-லேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

இன்னொரு பயமும் இருந்தது. கணையக் குழாய் கிழிந்து அதன் சாறு வயிற்றுக்குள் கசிந்தாலும் நீர் கட்டும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு நீரும் ஒன்றுதான். வயிற்று நீரை எடுத்து அதில் அமைலேஸ், புரதம், அல்புமின் மூன்றையும் பார்த்தார்கள். கணையக் கசிவு என்றால் அமைலேஸ் ஆயிரத்துக்கு மேல் போய்விடும், புரதமும் அதிகமாக இருக்கும். கல்லீரல் நீர் என்றால் ரத்த அல்புமினுக்கும் நீரின் அல்புமினுக்கும் இடையே 1.1 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் காட்டும். எங்களுடையது கல்லீரல் நீர்தான். அதுவரை எத்தனையோ முறை நீர் எடுத்திருக்கிறோம், அந்த நீரில் என்ன பார்த்தார்கள் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நீர் எடுக்கும் நாளில் "இதில் என்னென்ன டெஸ்ட் அனுப்புறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அதற்கப்புறம் வந்த மூன்று நாட்கள்தான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தன.

கணையம் வீங்கினால் நரம்பு வழியாக நீர் ஏற்றவேண்டும். கல்லீரல் நோயில் உப்பும் நீரும் ஏறினால் வயிறும் காலும் ஊதும். வீட்டில் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் போகக் கூடாது என்று ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் அண்ணி நிறுத்தியிருந்தார். ஒரு லிட்டர் நார்மல் சலைனில் மட்டும் 9 கிராம் உப்பு இருக்கிறது. இரவு டியூட்டியில் இருந்தவர் பாட்டிலை வேகமாக ஓடவிட்டார், காலையில் வந்த டாக்டர் அதைக் குறைத்து ரிங்கர் லாக்டேட் என்ற வேறு திரவத்துக்கு மாற்றினார். இரண்டு பேரும் நல்லதை நினைத்துத்தான் செய்தார்கள், ஒருவர் கணையத்தைப் பார்த்தார், இன்னொருவர் இரண்டையும் பார்த்தார். கணைய அழற்சிக்கே வேகமாக நீர் ஏற்றுவதைவிட நிதானமாக ஏற்றுவது நல்லது என்று 2022-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்திருக்கிறது, வேகமாக ஏற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீர் அதிகமாகிச் சிக்கலானது என்று அவர் விளக்கினார். அது கல்லீரல் நோயாளிகளுக்காக நடத்திய ஆய்வு அல்ல, அவர்களுக்கு இன்னும் கவனமாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து சிறுநீர் எவ்வளவு போகிறது, மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை என்று நானும் குறித்துக்கொண்டே இருந்தேன். நர்ஸுக்கு ஒரு வார்டு முழுக்க நோயாளிகள், எனக்கு ஒருவர்தான்.

வலிக்கு அபின் வகையைச் சேர்ந்த டிரமடால் கொடுத்தார்கள். வேறு வழியில்லை, வலி அப்படி இருந்தது. ஆனால் அந்த வகை மருந்து மலச்சிக்கல் உண்டாக்கும். வாந்தி நிற்கும்வரை வாய்வழி எதுவும் வேண்டாம் என்று நிறுத்தியதில், மலம் இளகிப் போவதற்காக அவர் தினமும் குடித்துக்கொண்டிருந்த லாக்டுலோஸ் சிரப்பும் சேர்ந்து நின்றுபோனது. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை, சீட்டில் எழுதாமல் விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் காலை என்னைப் பார்த்து "அம்மா, பட்டறைச் சாவி எங்க?" என்றார். எங்கள் அம்மா போய் பதினொரு வருஷம். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு கொக்கு இறக்கை அடிப்பதுபோல் படபடத்தது. இரண்டரை நாளாக மோஷன் போகவில்லை. குடலில் தேங்கி, கல்லீரலால் அகற்ற முடியாமல்போன அமோனியா மூளைக்கு ஏறியிருந்தது. லாக்டுலோஸ் எனிமா கொடுத்தார்கள். மாலைக்குள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து ஒரு வேலை செய்கிறோம். தினமும் காலை ஒரு நோட்டில் தேதியும் கையெழுத்தும் போடச் சொல்வோம். பட்டறை ரசீதுகளில் ஆயிரக்கணக்கில் போட்ட கையெழுத்து அவருடையது, கடைசி எழுத்தின் வாலை இழுத்து ஒரு கோடு போடுவார். மூளை மந்தமாகும் முன்னால் அந்தக் கோடுதான் முதலில் நெளியும். பேச்சில் எதுவும் தெரியாது, அண்ணிகூடக் கவனிக்கமாட்டார், கோடு காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு லாக்டுலோஸ் அளவைக் கூட்டி இரண்டு மூன்று முறையாவது மோஷன் போகிறதா என்று பார்த்துக்கொள்வோம்.

பழைய நாட்களில் கணையத்துக்கு ஓய்வு என்று பட்டினி போடுவார்களாம். இப்போது வாந்தி நின்றதுமே, முடிந்தால் ஒரு நாளுக்குள்ளேயே சாப்பாடு ஆரம்பித்துவிடுகிறார்கள். சிரோசிஸ்காரருக்குப் பட்டினி மிக மோசமானது. கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவாக இருக்கும், ஒரு இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். உடம்பு தசையை அரித்துச் சாப்பிட ஆரம்பித்துவிடும். அதனால் படுக்கும் முன் கண்டிப்பாக ஏதாவது சாப்பிடவேண்டும். எங்கள் வீட்டில் ஒன்பதரை மணிக்கு இரண்டு இட்லி, அல்லது ஒரு கிண்ணம் பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி. கல்லீரல் நோய்க்குப் புரதம் ஆகாது என்று இன்னும் பலர் முட்டையை, பருப்பை நிறுத்துகிறார்கள். அது தப்பு. எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்றுதான் டயட்டீஷியன் எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் தேறவில்லை. எடை மட்டும் குறையவில்லை, காரணம் வயிற்று நீர். ஆனால் கை மெலிந்துகொண்டே போனது. அண்ணி வளையலைப்போல விரலால் வளைத்துப் பார்த்து, "போன மாசம் கட்டைவிரல் தொடாதுங்க, இப்ப தொடுது" என்றார். நீர் கட்டியவரைத் தராசில் நிறுத்திப் பயனில்லை, மேல்கையை டேப்பால் அளந்து எழுதுங்கள்.

காரணம் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று, அதற்கும் லாக்டுலோஸ்தான் திரை. சிரப் குடிப்பவருக்கு மோஷன் இளக்கமாகத்தான் போகும் என்று இருந்துவிட்டோம். ஒரு நாள் அண்ணிதான் கூச்சத்தை விட்டு என்னிடம் சொன்னார்: இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாலும் போகமாட்டேன் என்கிறது, எண்ணெய்போல மிதக்கிறது, நாற்றம் வேறு மாதிரி இருக்கிறது. லாக்டுலோஸ் மோஷன் தண்ணீராக இருக்கும், ஒட்டாது, எண்ணெய் மிதக்காது. இது செரிக்காத கொழுப்பு. கணையம் நொதி சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தது. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற டெஸ்ட் உண்டு, 200-க்குக் கீழே இருந்தால் சந்தேகம். ஆனால் தண்ணீராகப் போகும் மலத்தில் அது நீர்த்துப்போய்ப் பொய்யாகக் குறைவாகக் காட்டும், கொஞ்சம் கெட்டியான மாதிரியாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும். கல்லீரலில் பித்தம் தேங்கினாலும் கொழுப்பு செரிக்காது என்பதால் டாக்டர் அந்த எண்ணை மட்டும் நம்பவில்லை. நொதி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், மாற்றம் தெரிகிறதா பார்ப்போம் என்றார்.

அந்த மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. எங்கள் டாக்டர் அதை முதலிலேயே சொல்லிவிட்டார், சொல்லவேண்டியது அவர் கடமை என்றும் நினைக்கிறேன். சைவம் என்பதாலோ, மார்க்க ரீதியாகவோ விலக்கு உள்ளவர்கள் தங்கள் பெரியவர்களிடமும் டாக்டரிடமும் பேசி முடிவெடுக்க நேரம் வேண்டும் அல்லவா. எங்கள் வீட்டில் அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் மாதம் அதனால் ஒரு பயனும் இல்லை. காரணம், மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவந்தோம். அது மாத்திரை போலத் தெரிந்தாலும் மருந்து அல்ல, செரிமானச் சாறு. சோற்றோடு சேர்ந்துதான் இரைப்பையில் இறங்கவேண்டும். முதல் கவளம் வாயில் போனதும் ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. 25,000 யூனிட் கேப்சூல், பெரிய சாப்பாட்டுக்கு இரண்டு, இரவு இட்லிக்கு ஒன்று என்று அவருக்கு அளவு எழுதினார்கள். மெல்லக் கூடாது, சூடான கஞ்சியில் பிரித்துக் கொட்டக் கூடாது. சித்திரை வெயிலில் அடுப்படி அலமாரியில் வைத்தாலும் வீரியம் போய்விடும். நேரத்தை மாற்றிய மூன்றாம் வாரம் அண்ணி வந்து "ஒரு வாளி போதுங்க இப்ப" என்றார். எங்களுக்கு அதைவிட நல்ல லேப் ரிப்போர்ட் வரவில்லை.

அடுத்து சர்க்கரை. கணையம் கெட்டால் இன்சுலின் மட்டுமல்ல, சர்க்கரை இறங்கும்போது தூக்கிவிடும் குளூக்ககானும் குறைந்துவிடும். தாங்கிப்பிடிக்கக் கல்லீரலிலும் போதிய சேமிப்பு இல்லை. அதனால் ஏறும்போது நன்றாக ஏறும், இறங்கும்போது அதலபாதாளத்துக்கு இறங்கும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அவருக்கு 5.6 என்று வந்தது, வீட்டில் விரலில் குத்திப் பார்த்தால் 250. ரத்தசோகையும் வீங்கிய மண்ணீரலும் இருப்பவர்களுக்கு அந்த டெஸ்ட் பொய்யாகக் குறைத்துக் காட்டும். விரல்முனை எண்ணைத்தான் நம்பவேண்டும்.

இன்சுலின் ஆரம்பித்த இரண்டாம் வாரம், விடியற்காலை மூன்று மணிக்கு உளற ஆரம்பித்தார். அமோனியாதான் ஏறிவிட்டது என்று நான் லாக்டுலோஸ் டம்ளரை வாயில் வைத்தேன். அண்ணி நெற்றியைத் தொட்டுவிட்டு, "வேர்த்துக் கொட்டுதே" என்றார். அப்போதுதான் மிஷினை எடுத்தேன். 48. டம்ளரை வைத்துவிட்டுக் குளூக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம், பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்ச நேரம் சிரப்பையே கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மறுபடியும் எல்லாவற்றையும் கல்லீரல் கணக்கில் எழுதப் பார்த்தேன். குழப்பமாகப் பேசினால் முதலில் சுகர், பிறகுதான் மற்றதெல்லாம்.

உறவினர்கள் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார்கள், ஒருவர் சீந்தில்கொடிப் பொடி வாங்கி வந்தார். அன்பு புரிந்தது, வாங்கி வைத்துக்கொண்டோம், கொடுக்கவில்லை. சீந்தில் வகைப் பொடிகளாலேயே கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவருக்கு எதையும் பரீட்சை பார்க்க முடியாது.

குடியை நிறுத்த நினைப்பவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று சொல்லவேண்டும். தினமும் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரும் போகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அண்ணன் இப்போது சிகரெட்டையும் விட்டுவிட்டார். கல்லீரல் மாற்றுக்கு அரசின் டிரான்ஸ்டான் பட்டியலில் பதிந்திருக்கிறோம். கணையம் அமைதியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள், அது கொதித்துக்கொண்டிருக்கும்போது கல்லீரலில் கை வைக்க மாட்டார்கள்.

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதி ஒட்டியிருக்கிறேன்: "சிரோசிஸ், 2019 முதல். கணைய அழற்சி, பிப்ரவரி 2023. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடாது. பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள். லாக்டுலோஸை நிறுத்தினால் வேறு வழியில் கொடுக்கவும். உளறினால் முதலில் சுகர்." கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்.

போன ஐப்பசியில் மறுபடி நள்ளிரவில் வயிற்றுவலி, லேசான காய்ச்சல். எமர்ஜென்சியில் இருந்தது சின்ன வயசுப் பெண் டாக்டர். நோட்டை நீட்டினேன். நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தார், அண்ணன் பக்கம் திரும்பி, "வலி முதுகுக்குப் போகுதா சார்?" என்றார்.

போகவில்லை. லைபேஸும் அன்றைக்குச் சரியாகவே இருந்தது. அதோடு விடாமல் வயிற்று நீரையும் உடனே எடுத்து அனுப்பினார். நீரில் நியூட்ரோஃபில் வகை வெள்ளணுக்கள் 250-ஐத் தாண்டிப் பல மடங்கு இருந்தன, கிருமி தொற்றியிருந்தது. விடிவதற்குள் ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்கியது, முதல் நாளும் மூன்றாம் நாளும் அல்புமின் ஏற்றினார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை நோட்டில் கையெழுத்துப் போட்டார், வால் நேராக இருந்தது.